கடைசி ஐந்து ஷீட்டுகள்: வேலூர்ப் பக்கக் கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றின் தர ஆய்வு

பின்னணி

பழைய வடாற்காடு மாவட்டத்தில், வேலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிற ஒரு தனியார் கட்டடக்கலைக் கல்லூரியில் 2023 பிப்ரவரிக்கும் 2025க்கும் இடையில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். கல்லூரியின் பெயரோ ஆட்களின் பெயரோ இதற்குத் தேவையில்லை. யாரையும் அடையாளம் காட்டிவிடக்கூடிய சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வகுப்புக்கு 40 இடங்கள் அனுமதிக்கப்பட்ட கல்லூரி அது. ஐந்து வருடத்துக்கும் சேர்த்து 200 பேர் இருக்க வேண்டும். நான் உள்ளே போனபோது இருந்தவர்கள் 131 பேர். முழுநேர ஆசிரியர்கள் 14 பேர். அவர்களில் 9 பேருக்கு மூன்று வருடத்துக்கும் குறைவான அனுபவம். சென்னையிலிருந்து காலை ரயிலில் காட்பாடிக்கு வந்து, மாலை ரயிலைப் பிடிக்க ஓடுகிற வருகைதரு ஆசிரியர்கள் மூன்று பேர். நல்ல கட்டடம், நிழலான முற்றம், ஓரளவு நல்ல நூலகம். குறை சொல்ல வேண்டும் என்று போனவருக்கு முதல் பார்வையில் எதுவும் சிக்காது.

2023 ஜூனில் தர அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பது நிர்வாகத்தின் திட்டம். அதற்கு முன் வீட்டுக்குள்ளேயே ஓர் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஐந்து பேர் கொண்ட ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார்கள். முதல்வர், மூத்த ஆசிரியர்கள் இருவர், சென்னையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், வேலூரில் தொழில் செய்யும் ஆர்க்கிடெக்ட் என்ற கணக்கில் நான்.

இரண்டு அங்கீகாரங்கள்

பின்னால் வந்த ஒரு குழப்பத்துக்கு இது தெரிய வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோர் ‘அங்கீகாரம்’ என்று ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் இரண்டு வேறு விஷயங்கள்.

முதலாவது, 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டப்படி அமைந்த கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் தருவது. இது இல்லாத கல்லூரியில் பி.ஆர்க். படித்தவர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போர்டு மாட்டுவதைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு தடுக்கிறது. (அந்தப் பிரிவு பட்டப்பெயரைத்தான் காக்கிறது, வேலையை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொன்னது. எங்கள் ஊரில் வீட்டுக்குப் பிளான் போடுபவர் பெரும்பாலும் இன்ஜினியர்தான், சில தெருக்களில் மேஸ்திரியே. அது வேறு கதை.) கவுன்சிலின் குறைந்தபட்சத் தரங்கள் 1983இல் ஒழுங்குமுறையாக வந்தன, 2020இல் புதுப்பிக்கப்பட்டன. பழையதில் எட்டு மாணவருக்கு ஓர் ஆசிரியர், புதியதில் பத்துக்கு ஒருவர். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவா (ஏ.ஐ.சி.டி.இ.) கவுன்சிலா, யார் சொல்வது செல்லும் என்ற நெடுநாள் இழுபறியையும், கட்டடக்கலைக் கல்வியில் கவுன்சிலுக்கே இறுதிச் சொல் என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

இரண்டாவது, தர அங்கீகாரம். கவுன்சிலின் அனுமதி ஏற்கெனவே இருக்கிற கல்லூரி தன் தரத்தை இன்னொரு குழுவிடம் காட்டிப் பெறுவது இது. படிப்பு வாரியாக இதைச் செய்வது, 1994இல் தொடங்கி 2010இல் தன்னாட்சி பெற்ற நேஷனல் போர்டு ஆஃப் அக்ரிடிட்டேஷன், சுருக்கமாக என்.பி.ஏ. ‘என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்’ என்பதைவிட ‘படித்தவருக்கு என்ன செய்யத் தெரிகிறது’ என்பதே அவர்களுடைய அடிப்படைக் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் அதற்கான பதிலைக் கல்லூரிகள் சி.ஓ.-பி.ஓ. (பாட விளைவு-படிப்பு விளைவு) மேப்பிங் என்ற அட்டவணையில் எழுதுகின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் விளைவுகள், அவை படிப்பின் மொத்த விளைவுகளோடு எப்படிப் பொருந்துகின்றன, எந்த அளவு எட்டப்பட்டன என்பதற்கு மூன்றுக்கு இத்தனை என்று ஒரு எண். நாங்கள் முதலில் பார்த்தது இந்த எண்களைத்தான்.

முதல் வாரம்: கோப்புகள்

கோப்புகள் அருமையாக இருந்தன. இதை எகத்தாளமாகச் சொல்லவில்லை. இரண்டு இளம் ஆசிரியைகள் நான்கு மாதம் இரவு பகலாக உழைத்து, 40க்கும் மேற்பட்ட பாக்ஸ் ஃபைல்களை வண்ணப் பட்டை ஒட்டி அடுக்கியிருந்தார்கள். எந்தப் பருவத்தின் எந்தப் பாடத்தைக் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் கையில் வரும்.

மாணவர் வடிவமைத்து வரைந்து பழகும் வகுப்புக்கு டிசைன் ஸ்டூடியோ என்று பெயர். ஐந்தாம் பருவ ஸ்டூடியோவில் ஒரு விளைவு, ‘உள்ளூர் தட்பவெப்பத்துக்கு ஏற்ற வடிவமைப்பு’. எட்டிய அளவு மூன்றுக்கு 2.7. வேலூர் வெயிலில் வளர்ந்தவன் என்பதால் அந்த எண்ணிலேயே நின்றுவிட்டேன். மாதிரிக்கு வைத்திருந்த ஷீட்டுகளை, அதாவது மாணவர்களின் வரைபடத் தாள்களைக் கேட்டேன். ஆறு பேருடையவை வந்தன. எல்லாமே நன்றாக இருந்தன, இரண்டு மிக நன்றாக. வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன். 31 என்றார்கள்.

அப்போது ஓய்வுபெற்ற பேராசிரியர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “பாஸ் ஆனதுலயே கடைசி அஞ்சு பேரோட ஷீட் எங்க இருக்கு?”

அவர் இதைச் சும்மா கேட்கவில்லை. அமெரிக்காவில் கட்டடக்கலைப் படிப்புகளுக்கென்றே 1940இல் தொடங்கிய தர அங்கீகார வாரியத்தின் ஆய்வுக் குழுக்கள், நீண்ட காலமாக நல்ல வேலையோடு ‘தேறியதில் தாழ்ந்த வேலை’யையும் கேட்டு வாங்கிப் பார்த்து வந்தன. ஒரு கல்லூரியின் தரம் அதன் முதல் மாணவரிடம் தெரிவதில்லை. எங்கே கோடு போட்டு ‘இது போதும், போ’ என்கிறார்களோ அங்கேதான் தெரியும் என்பது அதன் தர்க்கம். நம் நாட்டில் இதைக் கட்டாயமாகக் கேட்கும் வழக்கத்தை நான் பார்த்ததில்லை.

கடைசி ஐந்து ஷீட்டுகள் கல்லூரியில் இல்லை. மாணவரிடம் திருப்பிக் கொடுத்தவை போக, மிச்சத்தை ஆய்வுக்கு முன் அறைகளைச் சுத்தம் செய்கிறோம் என்று பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டிருந்தார்கள். தரத்தைக் காட்டுவதற்காகத் தரத்துக்கான சாட்சியையே விற்றிருக்கிறார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

அப்புறம் ஒரு மாணவிதான் வழி சொன்னாள். எல்லோரும் பிரிண்ட் எடுப்பது ஊருக்குள் பெரிய தாளில் வரைபடம் அச்சிடும் ஒரே பிளாட்டர் கடையில். கடைக்காரர் எந்த ஃபைலையும் அழிப்பதில்லை. அந்த வகுப்பு மாணவர்கள் அத்தனை பேரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, 31 பேரின் வேலையையும் மறுபடி பிரிண்ட் எடுத்தோம்.

ஷீட்டுகளில் கண்டது

புராஜெக்ட், சத்துவாச்சாரியில் ஒரு பொது நூலகம். 31 பேரின் ஷீட்டுகளையும் கருத்தரங்க அறையின் சுவரில் வரிசையாக ஒட்டிவிட்டு ஐந்து பேரும் காலையிலிருந்து நடந்து நடந்து பார்த்தோம்.

முதல் பத்து, நாம் பெருமைப்படலாம். நடுவில் இருந்தவை சுமார். கடைசி ஐந்தில் நான்கில் வாசிப்புக் கூடம் மேற்குப் பார்த்து இருந்தது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, ஒரு சன்ஷேடுகூட இல்லை. மே மாதம் மூன்று மணிக்கு அந்தக் கூடத்தில் புத்தகம் வாசிக்க முடியாது, அப்பளம் பொரிக்கலாம். ஐந்தில் மூவர் கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் செக்‌ஷன் வரையவே இல்லை. முகப்பின் 3டி படம் மட்டும் பளபளவென்று இருந்தது. ஐந்து பேரும் தட்பவெப்ப விளைவில் ‘எட்டியவர்’ பட்டியலில் இருந்தார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது மூத்த ஆசிரியை ஒருவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். 11 ஷீட்டுகளில் ஒரே படிக்கட்டு. கம்ப்யூட்டரில் வரைய உதவும் ஆயத்தப் படம் ஒன்றை (CAD பிளாக்) எங்கிருந்தோ இறக்கி அப்படியே ஒட்டியிருந்தார்கள். அவர்கள் போட்ட தள உயரத்துக்கு அந்தப் படிக்கட்டு பொருந்தவே பொருந்தாது.

மதிப்பெண் எப்படி விழுந்தது என்று விசாரித்தோம். ஜூரி, அதாவது மாணவர் தன் வேலையை ஆசிரியர்கள் முன் விளக்கும் அமர்வு முடிந்ததும் ஆசிரியர் ஷீட்டைப் பார்த்து மொத்தமாக ஒரு மதிப்பெண் போடுகிறார். பிறகு ஆற அமர உட்கார்ந்து அதை விளைவு வாரியான கட்டங்களில் பிரித்துப் போடுகிறார். 60 போட்டால் எல்லாக் கட்டத்திலும் கிட்டத்தட்ட 60 சதவீதம். ஆக 2.7 என்ற எண்ணுக்கும் வெயிலுக்கும் சம்பந்தமே இல்லை. கணக்குத் தப்பில்லை, அது எதையும் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

நிர்வாகத் தரப்பில் உடனே வந்த விளக்கம் கொரோனா. இந்த வகுப்பு 2020இல் சேர்ந்தது. முதல் வருடம் பெரும்பாலும் வீட்டிலிருந்து போன் திரையில்தான். கையால் மாடல் செய்யவேண்டிய காலத்தில் ஸூமில் முகம் காட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள். இது உண்மை. ஆனால் முழு உண்மையா என்று பார்க்க, நடந்துகொண்டிருந்த ஆறாம் பருவ ஸ்டூடியோவில் போய் உட்காருவது என்று முடிவு செய்தோம்.

ஸ்டூடியோவில் இரண்டு மதியங்கள்

ஸ்டூடியோ நேரம் 1.30 முதல் 4.30. ஆசிரியர் இருவர், ஒருவர் உள்ளூர், ஒருவர் சென்னை. விதிப்படி பார்த்தால் கல்லூரி முழுவதற்கும் பத்துக்கு ஒருவர் கணக்கு சரியாகவே வருகிறது. நான் பின்வரிசையில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, யார் மேசைக்கு ஆசிரியர் வருகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று குறித்தேன்.

முதல் மதியம் 31 பேரில் 19 பேருக்கு டிஸ்கஷன் கிடைத்தது. சராசரி ஆறு நிமிடம். 3.15க்குச் சென்னை ஆசிரியர் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். மற்றவரை அலுவலகத்திலிருந்து ஒரு ஃபைல் விஷயமாக இரண்டு முறை கூப்பிட்டார்கள். (எந்த ஃபைல் என்று கேட்டேன். தர அங்கீகார ஃபைல்.) 12 பேரை யாருமே பார்க்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது மதியம். இந்த முறையும் பத்துக்கு மேல் ஆள் விடுபட்டார்கள். அவர்களில் 8 பேர் முதல் வாரமும் விடுபட்டவர்கள். எல்லாரும் ஜன்னல் ஓரப் பின்வரிசை. கடைசி ஐந்து ஷீட்டுகளுக்குச் சொந்தக்காரர்களில் நான்கு பேர் அந்த எட்டுக்குள் இருந்தார்கள்.

ஆசிரியர் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஷீட்டோடு எழுந்து வருபவரிடம் பேசுவது எளிது. வேலை செய்யாதவர் வெட்கப்பட்டு எழுந்து வரமாட்டார். அவரை நாடிப் போக நேரம் கிடையாது. ஒரு பருவம் முழுக்க இப்படிப் போனால் அந்தப் பையன் இணையத்திலிருந்து படிக்கட்டை இறக்காமல் என்ன செய்வான்? எந்தப் படிவத்திலும் ‘ஒரு மாணவரின் மேசை முன் ஆசிரியர் எத்தனை நிமிடம் நின்றார்’ என்ற கட்டம் இல்லை. ஆள் கணக்கு இருக்கிறது, அறையின் பரப்பளவு இருக்கிறது, கம்ப்யூட்டர் எண்ணிக்கை இருக்கிறது.

பயிற்சிப் பருவம்: என் பங்கு

பி.ஆர்க். படிப்பில் ஒரு பருவம் முழுக்க ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பயிற்சி. அந்த ஃபைலையும் எடுத்தோம். 26 சான்றிதழ்கள். மூன்று வெவ்வேறு அலுவலகங்களின் சான்றிதழில் ஒரே வாசகம், ஒரே எழுத்துப் பிழையுடன்கூட. மாணவரே டைப் செய்து கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார் என்பது தெளிவு.

புரட்டிக்கொண்டே வந்தபோது என் கையெழுத்து போட்ட சான்றிதழும் அதில் வந்தது. இரண்டு வரி. ‘ஒத்துழைப்பும் ஆர்வமும் நன்று.’ அந்தப் பெண் எங்கள் அலுவலகத்தில் இருந்த மாதங்களில் பெரும்பகுதி டாய்லெட் டைல்ஸ் லேஅவுட்டும் அப்ரூவல் டிராயிங் திருத்தமும்தான் செய்தாள். சைட்டுக்கு மூன்று முறையோ நான்கு முறையோ போயிருப்பாள். கான்கிரீட் போடும் நாளில் போனாளா என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. குழுவில் இதைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் மற்ற 25ஐக் குறை சொல்ல வாய் வரவில்லை.

முடிவு: ஒரு வருடம் தள்ளிவைப்பது

மார்ச் கடைசியில் தாளாளரிடம் அறிக்கை கொடுத்தோம். பரிந்துரை ஒன்றுதான்: 2023இல் விண்ணப்பிக்க வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்.

அவர் கோபப்படவில்லை, ஆனால் ஏற்கவும் இல்லை. “சார், ஃபைல் எல்லாம் ரெடியா இருக்கு. வர்றவங்க ரெண்டு மூணு நாள்தான் இருப்பாங்க. கடைசி அஞ்சு ஷீட்டை அவங்க கேக்கப் போறதில்லன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு நாமளே போய்க் குழி தோண்டணும்?”

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கட்டடக்கலைப் படிப்புக்கான நாட்டா நுழைவுத் தேர்வு எழுதி வரும் பிள்ளைகள் குறைவு. சென்னை ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. 69 இடம் காலி. தர அங்கீகாரம் இருந்தால் அடுத்த வருடச் சேர்க்கைக்கு ஒரு பிடிமானம். வங்கிக் கடன் வேறு. ஆசிரியர் சம்பளமும் இந்தச் சேர்க்கையிலிருந்துதான் வருகிறது.

எங்கள் வாதம் இதுதான்: இப்போது விண்ணப்பித்தால் கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்துவிட்டால் அந்த எட்டுப் பேர் பின்வரிசையிலேயே இருப்பார்கள், ஏனென்றால் எல்லாம் சரி என்று நமக்கே எழுத்தில் வந்துவிடும். முதல்வர் அதுவரை இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தார். கடைசியில் அவர் சொன்னதுதான் எடுபட்டது. “ஐயா, தள்ளிவைக்கிற ஒரு வருஷம் அந்த ரெண்டு டீச்சரையும் ஃபைல்லேர்ந்து விடுவிச்சு ஸ்டூடியோவுக்கு அனுப்பலாம். புது ஆள் எடுக்காமலே ரெண்டு ஆள் கிடைக்கும்.” தாளாளர் சிரித்துவிட்டார். ஒரு வருடம், அதற்கு மேல் ஒரு மாதம்கூட இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

உடனே வந்த விளைவு: வதந்தி

‘விண்ணப்பம் தள்ளிவைப்பு’ என்ற செய்தி இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் ‘அங்கீகாரம் ரத்து’ ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் அறுபதுக்கும் மேற்பட்ட பெற்றோர் வாசலில் நின்றார்கள். ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு தந்தை எழுந்து கேட்டார்: “சுத்தி வளைக்காம சொல்லுங்க சார். எம் பொண்ணு படிச்சு முடிச்சா ஆர்க்கிடெக்ட்னு போர்டு போடலாமா, முடியாதா?”

போடலாம் என்று முதல்வர் சொன்னார். கவுன்சில் அனுமதிக் கடிதத்தைத் திரையில் காட்டினார். மேலே நான் எழுதிய இரண்டு அங்கீகாரக் கதையைத்தான் அன்று ஒரு மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. பலரும் சமாதானமாகிப் போனார்கள். ஆனாலும் அந்த வருடம் முதலாண்டுச் சேர்க்கை முந்தைய வருடத்தைவிடக் குறைந்தது. அதில் வதந்தியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, பங்கு இல்லை என்றும் சொல்ல முடியாது.

அந்த ஒரு வருடம்

முதலில் செய்தது தப்பு. அதைச் செய்தவன் நான். 14 பக்கத்தில் ஒரு மதிப்பீட்டு அட்டவணை தயாரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு விளைவுக்கும் நான்கு படிநிலை, ஒவ்வொன்றுக்கும் விளக்கம். ஜூலையில் கொடுத்தேன், ஆகஸ்ட்டில் போய்ப் பார்த்தால் ஆசிரியர்கள் ஜூரி முடிந்தபின் வீட்டில் உட்கார்ந்து அதை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பழைய நோய்க்கு நான் இன்னும் பெரிய படிவம் கொடுத்திருக்கிறேன். கிழித்துப் போட்டோம். அதற்குப் பதிலாக ஒரு தாளில் நான்கு கேள்விகள், ஜூரியில் ஷீட்டின் முன் நிற்கும்போதே எழுத வேண்டியவை: வெயில் எங்கிருந்து வருகிறது, தடுத்தது எது? செக்‌ஷனில் ஆள் நிற்க முடிகிறதா? இதைக் கட்ட முடியுமா? மாணவர் தானாக எடுத்த முடிவு எது?

மேசை நேரத்துக்கு மூன்றாமாண்டிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டை. ஆசிரியர் வந்தால் தேதி, எவ்வளவு நேரம், ஒரு வரி. வெள்ளிக்கிழமை அட்டைகளைப் பார்த்து, இரண்டு வாரமாக வரி விழாதவரை அடுத்த ஸ்டூடியோவில் முதலில் பார்ப்பது. இதில் பணச்செலவு எதுவும் இல்லை. சென்னை ஆசிரியர்களின் மூன்று அரைநாட்களைச் சேர்த்துச் சனிக்கிழமை முழுநாளாக மாற்றியதுதான் கடினம். மூவரில் ஒருவர் சனிக்கிழமை முடியாது என்று விலகிக்கொண்டார்.

புராஜெக்ட்டுகளை ஊருக்குள் கொண்டுவந்தோம். அடுத்த மூன்றாமாண்டுக்கு, குடியாத்தத்தில் வீட்டுக்குள்ளேயே கைலித் தறி வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு வீடு. தறிக்கு எவ்வளவு இடம், வெளிச்சம் எந்தப் பக்கம், சத்தம் குழந்தை தூங்கும் அறைக்குப் போகாமல் இருக்க என்ன செய்வது என்று போய் அளந்து வந்தார்கள். இதற்கு இணையத்தில் பிளாக் கிடைக்காது.

வெயிலைப் படிக்க விரிஞ்சிபுரம் போனோம். ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்று சொல்வழக்கே உண்டு, ஆனால் நாங்கள் போனது மதிலுக்காக இல்லை. மார்க்கபந்தீசுவரர் கோயில் பிராகாரத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. சரிந்த கல்லில் மணி எண்கள் செதுக்கியிருக்கும், மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம் நேரம். சூரியப் பாதை வரைபடத்தை இரண்டு வருடமாகத் தேர்வுக்கு மட்டும் வரைந்தவர்கள், அங்கே துடைப்பக்குச்சியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் நின்றார்கள். திரும்பும் வழியில் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தோம். நடுமதியம், வெளியே அனல். சுவரே இல்லாத அந்த மண்டபம் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அவர்களையே வரையச் சொன்னோம். சாமியில்லாக் கோயில் என்று ஒரு காலத்தில் கேலி பேசப்பட்ட இடம் அது. 1981இல்தான் லிங்கம் திரும்ப உள்ளே வந்தது. பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை.

ஜூரிக்கு வெளியாட்களைக் கூப்பிட்டோம். ஆர்க்கிடெக்ட்டுகளோடு ஒருமுறை, முப்பது வருட அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவரையும். மதிப்பெண் போடும் உரிமை அவருக்கு இல்லை, பேசலாம். ஒரு பையனின் செக்‌ஷன் முன் வெகுநேரம் நின்றார். “தம்பி, படம் நல்லாருக்கு. ஆனா இந்தப் படியில ஏறுனா எட்டாவது படியில மண்டை இடிக்கும்.” பையன் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தான். ஒன்பதாவது படி.

எல்லாம் இப்படி இனிமையாக முடியவில்லை. கோட்டை உயர்த்தினால் யாராவது கீழே விழத்தான் வேண்டும். அந்த வருடம் இரண்டு பேர் ஸ்டூடியோவில் தேறவில்லை. முந்தைய வழக்கப்படி இருவருமே தேறியிருப்பார்கள். ஒருவன் மறுபடி படித்துத் தேறினான். இன்னொருவன் படிப்பை நிறுத்திவிட்டான், அவனுடைய அட்டையில் முதல் இரண்டு வருடம் என்று ஒன்று கிடையாது, அட்டையே அப்போதுதான் வந்தது. இரண்டு வருடம் அவனைப் பார்க்காமல் விட்டதும் நாம்தான், மூன்றாவது வருடம் பார்த்துவிட்டுப் போதாது என்றதும் நாம்தான்.

பயிற்சிக்கு வாரக் குறிப்பேடு வந்தது. நடுவில் ஆசிரியர் ஒருமுறை அலுவலகத்துக்குப் போய்ப் பார்ப்பது என்றும் முடிவானது. வேலூர், ராணிப்பேட்டைக்குள் இருந்த அலுவலகங்களுக்குப் போனார்கள். பெங்களூருக்குப் போன் மட்டும்தான். எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பிறகு வந்த இரண்டு பேரை கடைக்கால் தோண்டுவதிலிருந்து லின்டல் வரை ஒரே சைட்டில் விட்டேன். வேலை கொஞ்சம் தாமதமானது.

விண்ணப்பமும் முடிவும்

2024இல் விண்ணப்பித்தோம். 2025 தொடக்கத்தில் ஆய்வுக் குழு வந்தது. முந்தைய நாள் மாலை, தாளாளரிடம் கேட்காமலே முதல்வர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு ஸ்டூடியோவின் மேல், நடு, தேறியதில் கடைசி என்று மூன்று வரிசையாக ஷீட்டுகளைச் சுவரில் ஒட்டி, எது எந்த வரிசை என்று எழுதியும் வைத்தார். காலையில் பார்த்த தாளாளர் ஒன்றும் சொல்லவில்லை, காபி சாப்பிடப் போய்விட்டார்.

வந்தவர்கள் கோப்புகளையும் பார்த்தார்கள், ஆனால் சுவரின் முன்தான் அதிக நேரம் நின்றார்கள். மூன்றாவது வரிசையில் இன்னும் பலவீனமான வேலைகள் இருந்தன. அதைக் கேட்டார்கள், பதில் சொன்னோம். தட்பவெப்ப விளைவின் எண் அந்த வருடம் 2.1. ஏன் குறைந்தது என்ற கேள்வியும் வந்தது. முதல்வர் பழைய 2.7 எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அங்கீகாரம் மூன்று வருடத்துக்குக் கிடைத்தது, எதிர்பார்த்த ஆறுக்கு அல்ல. ஆசிரியர்கள் நிலைத்து நிற்காதது, மூத்தவர்கள் குறைவு என்பவை முக்கியக் குறைகளாக வந்தன. இரண்டுமே உண்மை. தள்ளிவைத்த வருடத்தில் மட்டும் முழுநேர ஆசிரியர்கள் இருவர் சென்னைக்குப் போயிருந்தார்கள். அதில் ஒருவர், அந்தக் கோப்புகளை அடுக்கிய ஆசிரியை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பெற்றோரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். முடிவெடுத்த அன்றே, தமிழில், ஒரு பக்கக் கடிதம் போதும். வதந்தி வந்தபின் விளக்குவதற்கும் முன்பே சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சனிக்கிழமை காட்டியது.

அட்டையை மூன்றாமாண்டிலிருந்து தொடங்கியது தவறு. முதலாண்டின் முதல் வாரத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். படிப்பை நிறுத்திய பையன் விஷயத்தில் எனக்கு வேறு சமாதானம் கிடைக்கவில்லை.

ஆசிரியர் நிலைக்காத பிரச்சினையை நாங்கள் தொடவே இல்லை. அது சம்பளப் பிரச்சினை, எங்கள் குழுவுக்கு அதில் வாய் கிடையாது என்று ஒதுங்கிவிட்டோம். ஆனால் மேசை நேரம் என்பதே ஆசிரியரைப் பொறுத்தது. வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் அட்டையில் கையெழுத்து மாறும், பேச்சு முதலிலிருந்து தொடங்கும். குறைந்தபட்சம் இதை எழுதியாவது கொடுத்திருக்கலாம்.

மாணவர்களைக் குழுவில் சேர்த்திருக்க வேண்டும். பிளாட்டர் கடையைச் சொன்னது ஒரு மாணவி. பின்வரிசையில் யாரெல்லாம் விடுபடுகிறார்கள் என்பது அவர்களுக்கு முதல் பருவத்திலேயே தெரிந்திருந்தது. கேட்டிருந்தால் நான் கைக்கடிகாரத்தோடு இரண்டு மதியம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அங்கீகாரக் காலம் 2028இல் முடிகிறது. நான் இப்போது குழுவில் இல்லை. போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஸ்டூடியோவை எட்டிப் பார்த்தேன். அட்டைகள் இருந்தன. சிலவற்றில் ஒரே பேனாவில், ஒரே நாளில் நான்கு வாரத்துக்கான வரிகளும் எழுதியதுபோல இருந்தது. முதல்வரிடம் சொன்னேன். பார்த்துவிட்டதாகச் சொன்னார்.